இங்கிலீஷ் கேட்காத வேலை

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு நிலையங்களின் பெயர் மனப்பாடம். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோயில். இந்த நிலையங்களின் வெளியே சுவரிலும் விளக்குக் கம்பத்திலும் 'ஆட்கள் தேவை' நோட்டீஸ் ஒட்டியிருக்கும். நின்று படித்துப் பார்த்தால் அந்த நோட்டீசிலேயே ரெண்டு சாதி இருப்பது தெரியும்.

ஒன்று முழுக்கத் தமிழில் இருக்கும். ஹவுஸ்கீப்பிங், ஹெல்பர், லோடிங் வேலைக்கு ஆண், பெண் உடனடித் தேவை, படிப்பு வேண்டாம், சாப்பாடு, தங்க இடம் உண்டு. இன்னொன்று பாதி இங்கிலீஷில் இருக்கும். ஆபீஸ் அசிஸ்டென்ட், ரிசப்ஷன், டேட்டா என்ட்ரி, டிகிரி வேண்டும், சரளமாக ஆங்கிலம் பேச வேண்டும். ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் ஒட்டியிருக்கும். ஒன்றைப் படித்துவிட்டு வருகிறவர் போகும் வாசல் வேறு, மற்றதைப் படித்துவிட்டு வருகிறவர் போகும் வாசல் வேறு. எந்தக் கட்டடமானாலும் ஹவுஸ்கீப்பிங்குக்குப் பின்வாசல்தான்.

நான் ரெண்டாவது நோட்டீசைப் பார்த்துவிட்டு வந்தவள். 2013இல் எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு ஒலக்கூர் பக்கத்துச் சேரியிலிருந்து காட்டாங்குளத்தூருக்கு வந்தேன். எங்க வீட்டில் மட்டுமில்லை, எங்க தெருவிலேயே எம்.ஏ. படித்த முதல் பொம்பளை நான்தான். குடிபெயர்தல் என்றாலே கடல் தாண்டிப் போவதைத்தான் நம்ம எழுத்தாளர்கள் எழுதுகிறார்கள். கனடா, லண்டன், குளிர், பனி. எங்களுக்கு எழுபது எண்பது கிலோமீட்டரே போதும். பாஷை மாறிவிடுகிறது, சட்டம் மாறிவிடுகிறது, தண்ணிக்குக்கூடக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. மாறாமல் கூடவே வருவது ஒன்றே ஒன்று. அது எது என்று இந்த இதழைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊரிலேயே ஏன் இருக்கவில்லை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஊரில் என்ன இருக்கிறது? எங்கப்பா கரும்பு வெட்டப் போகிறவர். மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்கினால் சீசன் முடியும்வரைக்கும் அவன் சொன்ன இடத்தில் வெட்ட வேண்டும். நிலம்? செங்கல்பட்டு ஜில்லாவில் பறையர்கள் இருக்கும் நிலைமையைப் பற்றி 1891இல் கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை எழுதினார். 1892இல் அரசு உத்தரவு போட்டது. அப்படி வந்ததுதான் பஞ்சமி நிலம். அது யார் யார் கைக்குப் போனது என்று கேட்டதற்கு நூறு வருஷம் கழித்து இதே ஜில்லாவில் என்ன பதில் கிடைத்தது என்பதும் தெரியும். காரணை நிலத்துக்கான போராட்டத்தில் 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்று ரெண்டு பேர் செத்தார்கள். நிலம் இல்லாதவன் ஊரை விட்டுத்தான் வர வேண்டும். வந்து நிற்கும் இடத்தில் அவனிடம் முதலில் கேட்பது இங்கிலீஷ்.

காட்டாங்குளத்தூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் எங்க சித்தி வாடகைக்கு இருந்தது. ஒரே ரூம், கூரைக்குச் சிமென்ட் ஷீட்டு. 2000இலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பெரிய கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. எந்தக் கட்டடம் என்பது முக்கியமில்லை. இந்த ரோட்டில் எந்தக் கட்டடத்துக்குள்ளே போய்ப் பார்த்தாலும் இதே கதைதான்.

நான் வந்த காலத்தில் இந்த ரோடு முழுக்க வேலை இருப்பதாகப் பேச்சு. தாம்பரம் சானடோரியத்தில் 1984இலிருந்து ஏற்றுமதி மண்டலம். மறைமலைநகரில் ஃபோர்டு. அதைத் தாண்டினால் 2002இல் திறந்த மகேந்திரா சிட்டி. நடுவில் காலேஜ், ஆஸ்பத்திரி, மெட்ரிகுலேஷன் பள்ளிக்கூடம். எம்.ஏ. தமிழுக்கு டீச்சர் வேலைதானே என்பார்கள். அதற்கு பி.எட். வேண்டும், அது போக 2012இலிருந்து தகுதித் தேர்வு. பி.எட். படிக்க வீட்டில் பணமில்லை. அரசு வேலையில் தமிழ்வழி படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இலேயே வந்துவிட்டது. ஆனால் அந்தச் சட்டம் அரசு ஆபீஸ் வாசலோடு நின்றுவிடும். தனியார் வாசலில் தமிழ்வழிக்கும் இடமில்லை, 69 விழுக்காட்டுக்கும் இடமில்லை.

தாம்பரத்தில் பிளாட்பாரக் கடையில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகம் வாங்கி, 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்' என்பதற்குப் பதிலை உருப்போட்டுக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனேன். ஏழெட்டு இடம் ஏறி இறங்கியிருப்பேன். அதில் ஒன்றைச் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதன் நகல்.

ஒரு கம்பெனி. ரெக்கார்டு பார்த்துக்கொள்ளும் வேலை, ஃபைலில் நம்பர் போட்டு அடுக்க வேண்டும், கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். யாரோடும் இங்கிலீஷ் பேச வேண்டிய வேலையே இல்லை. எனக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பி.ஏ. படித்தவள், எங்க ஜில்லாக்காரிதான். அவளும் அதே புத்தகத்தைத்தான் வைத்திருந்தாள். ரெண்டு பேரும் வராண்டாவில் ஒருத்திக்கொருத்தி ஒப்பித்துப் பார்த்துக்கொண்டோம். அவளுக்கு வந்த இங்கிலீஷ்தான் எனக்கும் வந்தது. எனக்கு வராததுதான் அவளுக்கும் வரவில்லை.

உள்ளே போனதும் உருப்போட்டதைச் சொன்னேன். பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு அந்த ஆள் தமிழுக்கு மாறினார்.

"எந்த ஊரும்மா?"

"திண்டிவனம் பக்கம், சார்."

"திண்டிவனம் பக்கம்னா? ஊர்லயா, தள்ளியா?"

"தள்ளிதான், சார்."

"அப்பா என்ன பண்றாரு?"

"கூலி."

"சொந்த நெலமா, கூலியா?"

"கூலி, சார்."

இந்த நாலு கேள்வியும் தமிழில்தான். முடிந்ததும் மறுபடி இங்கிலீஷுக்குப் போனார். "கம்யூனிகேஷன் பத்தாது. வொர்க் ஆன் இட்" என்றார். எழுந்து வரும்போது பின்னால் கூப்பிட்டு, மெய்யாலுமே உதவி செய்கிற குரலில்தான் சொன்னார்: "ஹவுஸ்கீப்பிங்ல லேடீஸ் எடுக்கறாங்கம்மா. நீ நாளைக்கே சேரலாம்."

எனக்கு முன்னால் போன பெண்ணை அங்கேயே எடுத்துக்கொண்டார்கள். அவள் கெட்டவள் இல்லை. பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாள். "எனக்கும் இங்கிலீஷ் வரலக்கா, அதான் உள்ள போயி கத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க. எங்க மாமா போன் பண்ணியிருந்தாரு" என்றாள். உள்ளே போய்க் கத்துக்கொள்ளலாம். தோழர்களே, இந்த ஒரு வார்த்தையைத்தான் நான் அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். சிலருக்கு இங்கிலீஷ் உள்ளே போய்க் கத்துக்கொள்ளும் விஷயம். நமக்கு அது வாசலிலேயே கட்ட வேண்டிய வரி.

சித்தியிடம் சொன்னேன். சித்தி சிரித்தது.

"எங்கிட்ட ஒருத்தனும் இங்கிலீசு கேட்டதில்லடி. பதிமூணு வருசமா மாப்பு போடறேன். இன்னா படிச்சிருக்கன்னு கேக்கல, பேரக்கூடக் கேக்கல. வந்தியா, இந்தா பக்கெட்டுன்னான். அவ்ளோதான்."

அப்புறம் ஒரு நாள் சித்தி பேசுவதைக் கவனித்தேன். ஃப்ளோர், ரெஸ்ட்ரூம், ஹேண்ட்வாஷ், டஸ்ட்பின், கேபின், கான்ஃபரன்ஸ் ஹால், ஷிஃப்ட், ரிலீவர், வீக் ஆஃப், சூப்பர்வைசர், கம்ப்ளெயின்ட். கைநாட்டு வைக்கும் எங்க சித்தி ஒரு நாளைக்கு ஐம்பது இங்கிலீஷ் வார்த்தை பேசியது. எல்லாமே அந்தத் தரையில் கற்றது. ஆனால் அதை யாரும் இங்கிலீஷ் என்று கணக்கில் எடுப்பதில்லை. பக்கெட்டு தூக்குகிறவள் வாயில் வரும்போது அது இங்கிலீஷ் இல்லாமல் போய்விடுகிறது.

நான் சொல்ல வருவது இதுதான். இங்கிலீஷ் தெரியாதது ஒரு வேலைக்குத் தகுதிக் குறைவு. இன்னொரு வேலைக்கு அதுவே தகுதி. யாருக்கு அது குறைவாகவும் யாருக்குத் தகுதியாகவும் ஆக்கப்படுகிறது என்பதைச் சாதி தீர்மானிக்கிறது. சித்தியிடம் இங்கிலீஷ் கேட்காதது இரக்கத்தினால் இல்லை. சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிந்த ஆள் அந்த வேலைக்கு வேண்டாம்.

இது புதுசும் இல்லை. 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்கா நேட்டாலுக்குப் போனது. அதற்குப் பிறகு ஐம்பது வருஷம் கப்பல் கப்பலாகச் சனங்கள் போனார்கள். செங்கல்பட்டு, வடஆற்காடு ஜில்லாக்களிலிருந்து போனவர்கள் ஏராளம். ஐந்து வருஷக் கரும்புத் தோட்ட ஒப்பந்தத்துக்கு, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கைநாட்டு வைத்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். அன்றைக்கும் அந்த வேலைக்கு இங்கிலீஷ் தெரியாதது தகுதி. அதே நேட்டாலுக்கு மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த ரெட்டமலை சீனிவாசனும் போனார். 1891இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கி, 1893இல் 'பறையன்' பத்திரிகை நடத்தியவர். 1900இல் கப்பல் ஏறியவர் அங்கே மொழிபெயர்ப்பாளர் வேலை பார்த்தார். ஒரே ஜில்லா, ஒரே சாதி. ஒருத்தர் தோட்டத்தில், ஒருத்தர் மொழிபெயர்க்கும் மேசையில். நடுவில் இருந்தது எழுத்து. அந்த எழுத்தை வைத்துக்கொண்டு அவர் தன் வயிற்றை மட்டும் பார்த்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்து சட்டசபையில் பேசினார், 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தார். அவரைச் சிலையாகப் பார்த்து மாலை போடுகிறோம். நேட்டாலுக்கு வேலை தேடிப் போன ஆளாக ஒரு தரம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்றைக்கு அதே கதையின் அடுத்த பாகம் தாம்பரத்தில் ரயிலிலிருந்து இறங்குகிறது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் என்று பல ஊர்களிலிருந்து வரும் பையன்கள். தமிழ் தெரியாது, இங்கிலீஷ் தெரியாது. இறங்கினதும் வேலை கிடைத்துவிடுகிறது. நம்ம ஆட்களில் சிலர் இதைப் பார்த்து, "வடக்கத்தியான் வந்து வேலையைப் புடுங்கிட்டான்" என்று பேசுகிறார்கள். ஏன் கிடைக்கிறது என்று யோசிப்பதில்லை. பாஷை தெரியாதவன் ஓவர்டைம் கணக்குக் கேட்கமாட்டான், யூனியனுக்கு வரமாட்டான், அடிபட்டால் எந்த ஆபீசுக்குப் போவதென்று தெரியாது. பாஷை தெரியாததற்காகவே எடுக்கப்பட்டவன் அவன். காட்டாங்குளத்தூரில் ஷீட்டு ரூமில் எட்டுப் பேராகப் படுத்திருக்கும் பையன்களிடம் கொஞ்சம் பழகிப் பார்த்தால், அவனும் அவன் ஊரில் தள்ளித்தான் இருக்கிறான் என்பது பல பேர் விஷயத்தில் தெரியவரும்.

சரி, இங்கிலீஷ் இல்லாத மேனேஜரே கிடையாதா? இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் வந்த காலத்திலிருந்து சென்னையைச் சுற்றிக் கொரியாக்காரர்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் எல்லோருக்கும் இங்கிலீஷ் சரளம் இல்லை, தமிழ் சுத்தமாகத் தெரியாது. அவர்களை யாரும் 'கம்யூனிகேஷன் பத்தாது' என்று திருப்பி அனுப்பவில்லை. கொரிய மொழி தெரிந்தவர்களை மொழிபெயர்ப்புக்கு வேலைக்கு வைத்தார்கள். மேலே இருப்பவனுக்குப் பாஷை தெரியாவிட்டால் அது கம்பெனி தீர்க்க வேண்டிய பிரச்சினை. கீழே இருப்பவளுக்குத் தெரியாவிட்டால் அது அவள் குறை.

இது என் மனக்குறை மட்டும் இல்லை என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் ஆகிய ரெண்டு பேர் செய்த ஆய்வு 2007இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் வந்தது. ஆங்கிலப் பேப்பர்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் போட்டுப் பார்த்தார்கள். படிப்பு, அனுபவம் எல்லாம் ஒப்பாக இருக்கும், பெயர் மட்டும் வேறு. ஒன்று மேல்சாதி இந்துப் பெயர், ஒன்று தலித் பெயர், ஒன்று முஸ்லிம் பெயர். மேல்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு மூன்றில் ரெண்டு பங்குதான் இருந்தது, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. கவனியுங்கள், போட்டது எல்லாமே இங்கிலீஷில் எழுதின விண்ணப்பம். ஒரே தரமான இங்கிலீஷ். அப்படியும் வாசல் திறக்கவில்லை. அதே இதழில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் கம்பெனி மேனேஜர்களிடம் பேசி எழுதியிருந்தார்கள். ஆளெடுக்கும்போது 'குடும்பப் பின்னணி' பார்க்கிறோம் என்று மேனேஜர்கள் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். நம்ம தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று பெருமை பேசுகிறோம். அதனால்தான் இங்கே "ஊர்லயா, தள்ளியா" என்று வாயால் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆகவே இங்கிலீஷ் வந்துவிட்டால் சாதி போய்விடும் என்று சொல்லும் தோழர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. உத்தரப்பிரதேசத்தில் பாங்கா என்ற கிராமத்தில் ஆங்கிலத் தேவிக்குக் கோயில் கட்ட 2010இல் அடிக்கல் போட்டார்கள். சந்திரபான் பிரசாத் அதற்கு முன்னே நின்றார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. அவர் கும்பிடச் சொல்கிறார், நான் படிக்க மட்டும் செய்கிறேன். இன்னொரு பக்கம், 'தமிழ் வாழ்க' என்று போர்டு வைத்துவிட்டுத் தன் பிள்ளையை மெட்ரிகுலேஷனில் சேர்க்கிறவர்கள், சேரிப் பிள்ளைக்கு மட்டும் தாய்மொழிக் கல்வியின் பெருமையைச் சொல்கிறார்கள். தமிழ் எனக்கு உயிர்தான், எம்.ஏ. வரைக்கும் அதைத்தான் படித்தேன். அதற்காக எங்க தெருப் பிள்ளைகள் மட்டும் தமிழைக் காவல் காத்துக்கொண்டு பின்வாசலில் நிற்க முடியாது.

என் முதல் வேலைக்கு வருகிறேன். அது எந்த நோட்டீசிலும் ஒட்டவில்லை. எங்க காலனி அம்பேத்கர் மன்றத்தில் ஒரு பெரியவர் இருந்தார். ரயில்வேயில் கலாசியாக இருந்து ரிட்டையர் ஆனவர். சித்தி போய், "படிச்ச புள்ள சும்மா குந்தியிருக்குதுண்ணா" என்று சொன்னது. அவர் பொத்தேரியில் தனக்குத் தெரிந்த ஒரு ஜெராக்ஸ் கடைக்குக் கூட்டிப் போனார். தமிழ் டைப் அடிக்க ஆள் வேண்டும், மனு எழுத வேண்டும். மாசம் 4,500 ரூபாய். கடைக்காரர் கேட்டது ரெண்டே கேள்வி: "டைப் வருமா? காலைல எட்டுக்கு வர முடியுமா?"

காலேஜ் பசங்க பிராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கையில் எழுதிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கொஞ்ச நாளில் அதையும் நான்தான் அடித்தேன். புரியாத இங்கிலீஷை எழுத்துக்கு எழுத்து பார்த்து அடிப்பேன். ரெண்டு வருஷத்தில் வாக்கியம் எங்கே முடியும், எங்கே தப்பு என்று கை சொல்ல ஆரம்பித்தது. உள்ளே போய்க் கத்துக்கொள்ளலாம் என்றார்களே, அது உண்மைதான். எனக்கு அந்த 'உள்ளே' ஒரு ஜெராக்ஸ் கடையாக இருந்தது.

அந்த இங்கிலீஷை முதலில் செலவு பண்ணியது சித்திக்காகத்தான். 2019இல் முட்டி தேய்ந்துபோய் சித்தி வேலையை விட்டது. 19 வருஷம் ஒரே கட்டடம், ஒரே மாடி. ஆனால் காகிதத்தில் பார்த்தால் 5 கான்ட்ராக்ட். டெண்டர் மாறும்போதெல்லாம் சனங்கள் அப்படியே இருப்பார்கள், யூனிபார்மும் கம்பெனிப் பெயரும் மாறும், வேலைக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அன்றைக்கு நடப்பில் இருந்த 1972ஆம் வருஷச் சட்டப்படி பணிக்கொடைக்கு 5 வருஷத் தொடர் வேலை வேண்டும். எந்த கான்ட்ராக்டிலும் சித்திக்கு 5 வருஷம் முழுசாக இல்லை. முதல் ரெண்டு கான்ட்ராக்ட்காரர்கள் பி.எஃப். நம்பரே கொடுக்கவில்லை. மீதி மூன்றில் மூன்று நம்பர். ஒன்றில் சித்தி பெயரிலேயே எழுத்துப் பிழை. மூன்றையும் சேர்க்க ஃபாரம் 13, பணத்தை எடுக்க ஃபாரம் 19, பென்ஷன் பங்குக்கு ஃபாரம் 10சி. பெயர்த் திருத்தத்துக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதினேன். மூன்று கணக்குப் பணமும் வந்தது. பணிக்கொடை வரவில்லை. 19 வருஷத் தரைக்கு அந்த ஒரு ரூபாய்கூட வரவில்லை.

பணம் வந்த அன்றைக்கு சித்தி பாஸ்புக்கை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த ஒரு தாளப் படிக்கத் தெரிஞ்சிருந்தா அப்பவே கேட்டிருப்பன்" என்று சொன்னது. எனக்கு எந்தத் தத்துவப் புத்தகமும் சொல்லாத விஷயம் அது. இன்டர்வியூவில் நாலு வார்த்தை பேசிக் காட்டுவதற்கு மட்டும் நாம் இங்கிலீஷ் கேட்கவில்லை. நம்மிடம் கையெழுத்து வாங்கும் தாளில் என்ன இருக்கிறது என்று படிப்பதற்குக் கேட்கிறோம்.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்கும் கடைசியாகச் சில விஷயம். முதல் வேலைக்கு இங்கிலீஷைவிட முக்கியம் ஆள். அவர்களுக்குப் போன் பண்ண மாமா இருக்கிறார். நம்ம காலனியிலிருந்து வேலைக்குப் போன ஒவ்வொருத்தரும் இன்னொரு பிள்ளைக்கு அந்த மாமாவாக, அந்த அத்தையாக இருக்க வேண்டும். தனியார் துறை இட ஒதுக்கீட்டுக் கோரிக்கையைத் தேர்தலுக்குத் தேர்தல் எடுத்துத் துடைத்து வைக்காமல், இந்த ஜி.எஸ்.டி. ரோட்டில் கம்பெனி வாசலில் நின்று பேச வேண்டும். ஒரே இடத்தில் வேலை பார்க்கிறவர்களின் பணிக்காலம் கான்ட்ராக்ட் மாறினாலும் தொடர வேண்டும் என்று கேட்க வேண்டும்.

மன்றத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு உட்காருகிறோம். பாடப் புத்தகம் கிடையாது. சம்பளச் சீட்டு, வேலை ஆர்டர், பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. கார்டு, இதுதான் பாடம். இங்கிலீஷில் படிப்போம், தமிழில் பேசுவோம். ஹவுஸ்கீப்பிங் பொம்பளைங்கள் வருகிறார்கள், பீகார்ப் பையன்கள் நாலைந்து பேர் வருகிறார்கள். பாஷைக்குப் பாஷை கை ஜாடையில் ஓடுகிறது. படித்த பிள்ளைகள்தான் போதவில்லை. பக்கத்துக் காலேஜ்களில் படிக்கும் நம்ம பிள்ளைகள் வாரம் ஒரு மணி நேரம் வந்தால் இன்னும் ரெண்டு தெருவுக்குத் தொடங்கலாம்.